மூன்று நாட்டு முக்கு

கே: சாலையே போகாத ஊருக்காக இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டது உண்டா?

ப: உண்டு. அமேசான் கரை லெட்டீசியா! 1867-ல் பெரு உருவாக்கிய ஊர். 1922 ஒப்பந்தத்தில் அதைக் கொலம்பியாவுக்குத் தாரை வார்த்தார்கள். பொறுக்காத பெருக்காரர்கள் சிலர் 1932-ல் புகுந்து பிடிக்க, போர் மூண்டது. சர்வதேச சங்கம் பஞ்சாயத்துக்கு வந்து, சுமார் ஓராண்டு தானே நிர்வகித்து, 1934-ல் கொலம்பியாவிடமே ஒப்படைத்தது.

இன்றும் தலைநகர் பொகோட்டாவிலிருந்து விமானத்தில்தான் போக வேண்டும். ஆனால் பிரேசிலின் தபாட்டிங்காவுக்கு நடந்தே போகலாம். அதே தெருதான், கடைப் பலகையில் ஸ்பானிஷ் போய் போர்ச்சுகீஸ் வந்தால் நாடு மாறிவிட்டது என்று அர்த்தம். படகேறினால் எதிரே பெருவின் சாண்டா ரோசா தீவு.

'என்னை என்றைக்காவது வெளிநாடு கூட்டிப்போனீர்களா?' என்று மனைவி கேட்க முடியாத ஊர்!