கேமராவைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்

மாடுலர் கிச்சன் போட்டவர்களிடம் மாடுலர் போனை விற்பது கஷ்டம். எஸ்டிமேட்டில் எழுதிய தொகை ஒன்று. பாட்டில் வைக்க இழுப்பறை, சத்தமில்லாமல் மூடும் கீல், மூலைக்குள் சுழலும் தட்டு என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்து கடைசியில் கையை விட்டுப் போகும் தொகை வேறு. “வேணும்கிறதை மட்டும் போட்டுக்கலாம் சார்” என்பதற்கு என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் போட்டிருக்கிறோம். ஆகவே என் அக்கா மகன், “மாமா, கேமரா, பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் தனித்தனியா வாங்கி மாட்டிக்கிற போன் மட்டும் வந்தா எவ்ளோ காசு மிச்சமாகும்!” என்று சொன்னபோது, என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

வராமல் இல்லை. 2013 செப்டம்பரில் டேவ் ஹாக்கன்ஸ் என்ற டச்சு வடிவமைப்பாளர் ‘போன்பிளாக்ஸ்’ என்று ஒரு வீடியோ போட்டார். பழுதான துண்டை மட்டும் பிடுங்கி எறி, புதுத் துண்டைச் செருகு, போனைத் தூக்கிப் போடாதே. உலகமே ஆஹா என்றது. அடுத்த மாதமே அன்று கூகுள் வசம் இருந்த மோட்டரோலா ‘புராஜெக்ட் ஆரா’வை அறிவித்தது. ஒரு எலும்புக்கூட்டுச் சட்டம், அதில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் துண்டுகள். அடிப்படை போனின் தயாரிப்புச் செலவு 50 டாலருக்குள் என்று இலக்கு. 2015இல் போர்ட்டோ ரிக்கோவில் வெள்ளோட்டம் என்றார்கள். வரவில்லை. 2016 மே மாதம் புது வடிவத்தைக் காட்டினார்கள்: திரை, பிராசஸர், பேட்டரி மூன்றும் சட்டத்துக்குள்ளேயே நிரந்தரமாகப் போய்விட்டன. அதாவது எந்த மூன்று கெட்டுப்போனால் நாம் தலையில் கை வைப்போமோ, அந்த மூன்றும் கழற்ற வராது. செப்டம்பரில் கடையைச் சாத்திவிட்டார்கள்.

சாத்தியது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றும். பிராசஸர், கிராஃபிக்ஸ், மோடம் எல்லாவற்றையும் ஒரே சில்லில் திணித்ததால்தான் போன் இவ்வளவு ஒல்லியாகவும் இந்த விலைக்கும் கிடைக்கிறது. அதைக் கூறுபோட்டால் ஒவ்வொரு கூறுக்கும் தனி உறை, தனி இணைப்பான், தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு. தனிக்குடித்தனம் போனால் தனி கேஸ் சிலிண்டர் வாங்கத்தான் வேண்டும்.

பொறியாளர்கள் காந்தம் பிடிக்குமா, கீழே விழுந்தால் சிதறுமா என்றெல்லாம் யோசித்தார்கள். என் குடும்பத்தை யோசிக்கவில்லை. டிவி ரிமோட்டின் பின்மூடியைக் காப்பாற்றத் தெரியாமல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கும் வீடு இது. இங்கே காலையில் போனை எடுத்தால் கேமரா இருக்காது. “என் தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்துட்டுப் போனேங்க, அங்கேயே இருக்கும்” என்பாள் மனைவி. பெரிய பேட்டரி மகனிடம். ராத்திரி முழுக்க விளையாடிச் சூடேற்றி வைத்திருப்பான். ஸ்பீக்கர் மாமியாரிடம்; மார்கழி முடியும்வரை கேட்கக் கூடாது. மிஞ்சிய சட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் ஆபீஸ் போவேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மறிப்பார்: “சார், அந்த ஜூம் கேமராவை ஒரு நாள் குடுங்க, பையனுக்கு ஆண்டு விழா.” கொடுத்தால் திரும்பாது. கொடுக்காவிட்டால் அடுத்த முறை மோட்டார் போடும்போது நம் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது.

கோயில் விஷயம் தனி. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இப்போது போனைக் கொடுத்தால் ஒரு டோக்கன். மாடுலர் போன் பரவிவிட்டால் ஒருவர் நிச்சயம் வாதாடுவார்: “சாமி படம் எடுக்கக் கூடாது, அவ்ளோதானே? கேமராவை மட்டும் வெச்சுக்குங்க.” பின்னால் வரிசை கோபுர வாசலைத் தாண்டி நிற்கும். கவுண்டர்க்காரர் சளைத்தவரா? கேமராவுக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று என்று டோக்கன் கிழிப்பார்; துண்டுக்கு இவ்வளவு என்று காசும் வாங்குவார். தரிசனம் முடிந்து வந்தால் நம் சட்டத்தில் வேறு யாருடைய கேமராவோ உட்கார்ந்திருக்கும். அதற்குள் அவருடைய குலதெய்வக் கோயில் கிடாவெட்டுப் படங்கள் இருக்கும்.

சரி, காசுக்கு வருவோம். 2016 அக்டோபரில் மோட்டோ இசட் பிளே இந்தியாவுக்கு வந்தது. போன் 24,999 ரூபாய். முதுகில் ஒட்டவைக்கும் ஹாசல்பிளாட் கேமரா 19,999. சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர் இன்னொரு 19,999. முதுகில் மூட்டை ஏற்றி முடித்தபோது அந்தப் பணத்துக்கு இரண்டாவது போனே வாங்கியிருக்கலாம். அதே ஆண்டு எல்ஜி ஜி5 வந்தது. அடிப்பாகத்தை இழுத்தால் பேட்டரியோடு கையில் வரும். வேறு துண்டைச் செருகலாம். துண்டு மாற்றும்போதெல்லாம் போன் அணைந்து எழும். மறு வருஷம் வந்த ஜி6இல் அந்த ஏற்பாட்டையே காணோம். ஆசையாய்த் துண்டு வாங்கியவர்கள் துண்டோடு நின்றார்கள்.

உருப்படியாகத் தேறியது ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன்தான். அதில் அலங்காரத் துண்டுகள் கிடையாது. பேட்டரி, திரை, சார்ஜிங் துளை என்று கெட்டுப்போவதை மட்டும் ஒரு திருப்புளியால் நாமே கழற்றி மாற்றலாம். 2023இல் வந்த ஃபேர்போன் 5க்கு 2031வரை மென்பொருள் ஆதரவு என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அறிமுக விலை 699 யூரோ, அப்போதைய கணக்கில் அறுபதாயிரத்துக்கு மேல். எட்டு வருஷம் வைத்திருந்தால் லாபம்தான். எட்டு வருஷம் ஒரே போனை வைத்திருப்பவன் அறுபதாயிரத்துக்குப் போன் வாங்குகிற ஆளாக இருப்பானா என்பதுதான் இடிக்கிறது.

நம்மூர் மாடுலர் போன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. சென்னையில் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் “டிஸ்ப்ளேவா? பேட்டரியா? போர்டா?” என்று தோளைத் தொட்டுக் கேட்பார்கள். நான் போனது ஒரு கதவளவு கடை. பையன் என் போனைச் சூடான தட்டில் குப்புறப் படுக்க வைத்தான். பசை இளகியதும் ஓரத்தில் ரப்பர் உறிஞ்சியை ஒட்டி இழுத்து, கிடைத்த மயிரிழை இடைவெளியில் பழைய ஏடிஎம் கார்டிலிருந்து வெட்டிய முக்கோணத்தை நுழைத்து, தோசையை ஓரம் பிரிப்பதுபோல் சுற்றிவந்தான். கம்பெனி கழற்றக் கூடாதென்று ஒட்டியது அவன் மடியில் கழன்று கிடந்தது.

“டிஸ்ப்ளே மூணு ரகம் சார். ஒரிஜினல், கழட்டுனது, காப்பி. எது போடலாம்?”

“கழட்டுனது எங்கேருந்து கழட்டுனது, தம்பி?”

“அதையெல்லாம் கேக்கக் கூடாது சார்.”

நமக்கு ஏற்ற விலையில் நமக்கு ஏற்ற துண்டு. ஆரா கொடுக்க முடியாமல் போனது இதைத்தானே. வாரண்டி மட்டும் கடைப் படி இறங்கும்வரை.

வேலை நடக்கும்போது பொழுதுபோக, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தைச் சொன்னேன்: 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் சாதனங்களின் பேட்டரியைச் சில விலக்குகள் போக, வாங்கியவரே கழற்றி மாற்ற வசதி இருக்க வேண்டும்.

பையன் கை நிற்கவில்லை. பக்கத்து ஸ்டூலில் பில் போட்டுக்கொண்டிருந்த முதலாளிதான் நிமிர்ந்தார். பொழைப்பில் மண் விழுந்ததே என்று வருந்துவார் என நினைத்தேன்.

“நல்லது சார். எல்லாரும் வீட்டிலேயே கழட்டட்டும்” என்றார். “ஒரு ஸ்க்ரூ சோபாவுக்கு அடியில ஓடும், ஒரு ஸ்ட்ரிப் கிழியும். மீதியை ஒரு கேரி பேக்ல போட்டு எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வருவாங்க. அதுக்கு ரேட் தனி.”