ஸ்ரீ மூன்று எனும் தீவிர வாசகர்

நேபாளத்தில் இலக்கியப் பத்திரிகை நடத்துவது என்றைக்குமே சம்பளமில்லாத உத்தியோகம்தான். ஆனால் வாசகர் இல்லை என்ற குறை நெடுங்காலம் இருந்ததில்லை. ஒரே ஒருவர்தான் என்றாலும் எழுத்தெண்ணிப் படிப்பவர். இரண்டு வரிகளுக்கு நடுவில் இருப்பதையும் படிப்பார், இல்லாததையும் படிப்பார். அரசாங்கம் என்று பெயர். ராணா வம்சத்துப் பிரதமர்கள் தங்களை 'ஸ்ரீ மூன்று மகாராஜா' என்று அழைத்துக்கொண்டார்கள். மன்னர் ஸ்ரீ ஐந்து. மரியாதையில் இரண்டு ஸ்ரீ குறைவு, அதிகாரம் முழுக்க இவர்கள் கையில்.

இந்த வம்சத்தைத் தொடங்கிவைத்த ஜங் பகதூர் 1850இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். திரும்பும்போது கொண்டுவந்த சாமான்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அதன் உச்சியில் ஒரு பறவைச் சின்னம். காத்மாண்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பிணந்தின்னிக் கழுகு என்று முடிவுகட்டினார்கள், 'கித்தே அச்சகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்தாளர்களுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதல் தன்னார்வலர் என்று நான் மோதிராம் பட்டரைத்தான் சொல்வேன். காசியில் படித்தவர், முப்பது வயதில் போய்ச் சேர்ந்தவர். அதற்குள் பானுபக்த ஆச்சார்யா என்ற கவிஞரைக் கண்டெடுத்து, அவருடைய ராமாயணத்தை 1887இல் அச்சிட்டு, 1891இல் வாழ்க்கை வரலாறும் எழுதிவிட்டார். பானுபக்தர் இறந்தது 1868இல். காலமான கவிஞரைப் பிரசுரிப்பதில் பெரிய சௌகரியம் உண்டு: "என் கவிதை என்னாச்சு?" என்று வாசலில் வந்து நிற்கமாட்டார். உயிரோடிருந்தால் பானுபக்தர் நிச்சயம் நின்றிருப்பார். நாளைக்கு வா, நாளைக்கு வா என்று இழுத்தடித்த அதிகாரிகள்மீது செய்யுளிலேயே புகார் எழுதிய மனிதர் அவர்.

மோதிராம் இன்னொரு காரியமும் செய்தார். நேபாளியில் கஜலுக்குப் பிள்ளையார் சுழி போட்டார். அதன் விளைவுகளுக்குப் பிறகு வருவோம்.

1901இல் பிரதமரான தேவ் ஷம்ஷேர் கொஞ்சம் விவகாரமான ராணா. பள்ளிக்கூடம் என்றார், மே மாதம் 'கோர்க்காபத்ர' வார இதழைத் தொடங்கினார். ஜூனில் தம்பி சந்திர ஷம்ஷேர் அண்ணனைப் பதவியிலிருந்து இறக்கி ஊரைவிட்டே அனுப்பினார். மொத்த ஆட்சி 114 நாள். பத்திரிகை தொடங்கினால் குடும்பத்தில் நிம்மதி இருக்காது என்பது உலகறிந்த செய்தி. நாடே போய்விடும் என்று காட்டியவர் இவர். பத்திரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் வருகிறது.

சந்திர ஷம்ஷேர் காலத்தில்தான் வாசிப்பு உச்சத்தைத் தொட்டது. 1913இல் மொழிப் பிரசுரத்துக்கென்று ஒரு சமிதி. பிரசுரம் பெயரில் இருந்தது. வேலையில் பெரும்பகுதி பிரசுரமாகாமல் பார்த்துக்கொள்வது. 1920இல் சுப்பா என்ற அரசுப் பதவியில் இருந்த கிருஷ்ணலால் அதிகாரி, மக்காச்சோளம் பயிரிடுவது பற்றி ஒரு புத்தகம் போட்டார். ஆயிரம் பிரதி. விதை, உரம், பூச்சி என்று போகிற புத்தகத்தில் கலவரத்துக்கு என்ன இருக்கிறது? தீவிர வாசகருக்கு இருந்தது. செந்தலைப் பூச்சி, கருந்தலைப் பூச்சி என்று வருகிறதே, அது யார் தலை? சீமை நாய் பகட்டுக்குத்தான், திருடனை விரட்ட நாட்டு நாய்தான் என்று வருகிறதே, யார் அந்தச் சீமை நாய்? ஒரு வேளாண்மைக் கையேட்டுக்கு இத்தனை நுட்பமான விமர்சனம் வேறெந்த மொழியிலும் வாய்த்திருக்காது.

கிருஷ்ணலாலுக்கு ஒன்பது ஆண்டு சிறை. பிரதிகளைக் கைப்பற்றி எண்ணிப் பார்த்ததில் ஒன்று குறைந்தது. அதைக் கொடுத்தால் மூன்று ஆண்டு தள்ளுபடி. அது அகப்படவில்லை. 1923இல் கிருஷ்ணலால் சிறையிலேயே இறந்தார். சோளத்தைப் பற்றி எழுதியதற்காக ஒருவர் செத்துப்போனார் என்பதை எப்படித் திருப்பிச் சொன்னாலும் சிரிப்பாக மாட்டேன் என்கிறது. அந்த ஒரு பிரதியைப் பதுக்கியவர் யாரோ, அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக நேபாளி எழுத்துக்குக் கிடைத்த விடாப்பிடியான வாசகர் அவர்தான்.

1930இல் சில இளைஞர்கள் நூலகம் திறக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தார்கள். விண்ணப்பத்தையும் வாசகர் கவனமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டவர்களைப் பிடித்து அபராதம் விதித்தார்.

பிறகு வந்த ஜுத்த ஷம்ஷேர் கணக்குத் தெரிந்தவர். எழுத்தாளனைச் சிறையில் வைத்துச் சோறு போடுவதைவிட வெளியில் வைத்துப் போடுவது மலிவு. 1935இல் ரித்தி பகதூர் மல்ல தொடங்கிய 'சாரதா'வுக்கு அரசு மானியமும் வந்தது. மல்லருடைய பிள்ளைகள் கோவிந்த பகதூர் மல்ல 'கோட்டாலே', விஜய் மல்ல இருவருமே பேர்பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். படைப்புப் பஞ்சத்துக்கு இவ்வளவு தொலைநோக்கோடு ஏற்பாடு செய்த ஆசிரியரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. விஸ்வேஸ்வர் பிரசாத் கொய்ராலாவின் முதல் நேபாளிக் கதை வந்ததும் 'சாரதா'வில்தான். ராணா ஆட்சி போன பிறகு, 1959இல் அவர் பிரதமரானார், 1960இல் மன்னர் அவரைச் சிறைக்கு அனுப்பினார். 'சாரதா'வில் எழுதினால் எதிர்காலம் உண்டு. என்ன மாதிரி என்பதற்கு ஆசிரியர் பொறுப்பல்ல.

மகாகவி லட்சுமி பிரசாத் தேவ்கோட்டா 'சுலோசனா' என்ற காவியத்தைப் பத்தே நாளில் எழுதி முடித்தார் என்பார்கள். அவரே 1956இல் தொடங்கிய 'இந்திரேணி' சில இதழ்களோடு நின்றுபோனது. காவியம் எழுதக் காகிதம் போதும், பத்திரிகைக்குச் சந்தாதாரர் வேண்டும்.

2005 பிப்ரவரி 1. மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, தொலைபேசியையும் இணையத்தையும் அறுத்தார். செய்தி அறைகளில் சிப்பாய்கள் வந்து உட்கார்ந்தார்கள். அரசியல் எழுதக்கூடாது. காத்மாண்டுவின் ஆங்கில நாளேடு ஒன்று சமூகத்தில் காலுறையின் இடத்தைப் பற்றித் தலையங்கம் தீட்டியது. சோளத்தில் பட்ட பாடம்.

மன்னராட்சி 2008இல் ஒழிந்தது. தணிக்கைச் சிப்பாய் வீட்டுக்குப் போனார், தன்னார்வலர்கள் இணைய இதழ் தொடங்கினார்கள். அப்போதுதான் தெரிந்தது, வரிவிடாமல் படித்துக்கொண்டிருந்த ஒரே ஆசாமியும் போய்விட்டார் என்று. எழுதுகிறவர்கள் மட்டும் வந்தார்கள். தோஹாவிலிருந்து, ஹாங்காங்கிலிருந்து, பாஸ்டனிலிருந்து கஜல், கஜல், மேலும் கஜல். மோதிராமின் கைங்கரியம். அவற்றில் பாதி பிரீதி எழுத்துருவில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'நேபாள்' என்ற சொல் ஜி, ஒரு சதுர அடைப்புக்குறி, கே, எஃப், என் என்று நிற்கும். பாமினியில் தட்டிய கோப்பை யாருக்காவது அனுப்பிவிட்டுத் திட்டு வாங்கிய தமிழருக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. அடைப்புக்குறிகளுக்குள் கவிதை இருக்கிறதா என்று தேடி, யூனிகோடுக்கு மாற்றி, இருந்தால் போட வேண்டும். மாற்றிய பிறகும் புரியாவிட்டால் நவீன கவிதைப் பகுதியில்.

இதற்கு நடுவே மின்வெட்டு. 2009 குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரை போனது. நகரத்தை ஏழு பிரிவாக்கி அட்டவணை போட்டார்கள். ஆசிரியர் ஒரு பிரிவு, பிழை திருத்துபவர் வேறு பிரிவு. இருவர் வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கெரிந்தால் இதழ் வரும். "ஏன் தாமதம்?" என்று கேட்ட கஜல்காரர்களுக்கெல்லாம் ஒரே பதில், யாராலும் மறுக்க முடியாத பதில்: "பத்தி கயோ." கரண்ட் போச்சு.

2016இல் மின்வாரியத்துக்குக் குல்மான் கிஸிங் என்பவர் தலைமையேற்று, காத்மாண்டுவின் மின்வெட்டை ஒழித்துக்கட்டினார். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இணைய இதழ் ஆசிரியர்கள் மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பலவீனமாகக் கைதட்டினார்கள். அதன்பிறகு கேட்பவர்களிடம் 'சர்வரை மாற்றிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லிப் பார்க்கிறார்கள்.