ஆயில் பேட்டரி பற்றி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மத்திய சுகாதாரம் மற்றும் குடும்பநல அமைச்சகத்து மேலதிகாரிகள்,
புது தில்லி.

பொருள்: சட்டைப்பையில் அடங்கும் பேட்டரி ஒன்றைப் பற்றி விளக்கம் கோருதல் தொடர்பாக.

ஐயா,

கம்பத்திலிருந்து மலையேறினால் தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி தொடங்குகிற கம்பம்மெட்டில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு விடியும் முன்னே ஜீப்பில் வருகிற அம்மாக்களுக்குப் பட்டன் போன், கங்காணிக்கு டார்ச், மூணாறு போகிற பையன்களுக்குப் பவர் பேங்க். இவ்வளவுதான் என் வியாபாரம்.

அந்தப் பையன்களில் ஒருவன் வந்து கேட்டான்: "அண்ணே, ஆயில் கார்ட்ரிட்ஜுக்குப் போடுற சின்ன பேட்டரி இருக்கா? கையை மூடினா தெரியக் கூடாது." இல்லையென்று அனுப்பிவிட்டேன். ஏன் இல்லை என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன். கார்ட்ரிட்ஜில் உள்ள ஆயிலைச் சூடாக்கி ஆவியாக இழுக்கத்தான் அந்தப் பேட்டரி என்பதால், மின்னணு சிகரெட் தடைச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

2019 செப்டம்பர் 18 அன்று தடையை அறிவித்தவர் நிதியமைச்சர். டிசம்பரில் அது 42-ஆம் எண் சட்டமானது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளே இழுக்கும் ஆவியாக மாற்றுகிற எந்த மின்கருவியும் குற்றம். எந்தப் பெயரில் அழைத்தாலும், எந்த வடிவில், எந்த அளவில் இருந்தாலும் குற்றம். முழுக் கருவி மட்டுமல்ல, அதன் எந்த உறுப்பும் குற்றம். ஆழ்வார்கள்கூட பரம்பொருளை இவ்வளவு விரிவாகச் சொல்லியிருப்பார்களா தெரியாது.

இங்கேதான் அடியேன் சிக்கிக்கொண்டேன். அந்தப் பையன் கேட்ட சாமான் என்ன? விரல் நீளத்தில் ஒரு லித்தியம் செல், ஒரு பட்டன், ஒரு குட்டி விளக்கு, தலையில் கார்ட்ரிட்ஜைத் திருக ஒரு மரை. அந்த மரைக்கு உலகம் முழுக்க 510 என்று பெயர். சார்ஜ் போட யுஎஸ்பி வயர். இதில் மரையைத் தவிர மற்றதெல்லாம் என் கடையில் தொங்குகிறது. லித்தியம் செல் உறுப்பா? ஆம் என்றால் டார்ச்சையும் ஒப்படைக்கிறேன். டைப்-சி கேபிள் உறுப்பா? ஆம் என்றால் கேபிள் இல்லாத வீடு இரண்டு மாநிலத்திலும் இல்லை, தங்கள் அலுவலகம் உட்பட. சட்டம் வந்த அன்று கையிருப்பு வைத்திருந்தவர்கள் தாமாகவே பட்டியல் எழுதி அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்திருந்தீர்கள். ஒரு கேபிளுக்கு ஒரு வரி வீதம் எழுதினால் எனக்கு இரண்டு குயர் நோட்டு தேவைப்படும். அதற்கு மானியம் உண்டா?

அடுத்தது விலைப்பட்டியல். வியாபாரி என்பதால் எந்தத் தாளை எடுத்தாலும் கண் முதலில் ரூபாய்க்குத்தான் போகிறது.

கார்ட்ரிட்ஜுக்குள் ஊற்றுகிற ஆயில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எதைக் குறிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சாவிலிருந்து எடுக்கிற ஹாஷிஷ் ஆயில். அதற்குத் தனிச் சட்டம், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம். அதன்படி ஹாஷிஷ் 100 கிராம் வரைக்கும் 'சிறு அளவு'. ஒரு கார்ட்ரிட்ஜில் இருப்பது அரை கிராம், மிஞ்சிப்போனால் ஒரு கிராம். சிறு அளவை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேட்டரியை விற்றுப் பிடிபட்டால்? முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மறுபடி மாட்டினால் ஆயில்காரருக்குத் தண்டனை ஒன்றரை மடங்கு: ஒன்றரை ஆண்டு, 15,000 ரூபாய். பேட்டரிக்காரருக்கு மூன்று ஆண்டு, ஐந்து லட்சம் ரூபாய்.

ஐயா, கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயை விற்றவருக்குப் பத்தாயிரம், விளக்கை விற்றவருக்கு ஒரு லட்சம். ஒரே பையன், ஒரே சட்டைப்பை, இரண்டும் ஒன்றோடொன்று திருகிக் கிடக்கிறது. பேட்டரியைக் கழற்றி ஓடையில் வீசிவிட்டு ஆயிலோடு மட்டும் வந்து நில்லுடா தம்பி, செலவு குறையும் என்று அவனுக்குப் புத்தி சொல்லலாமா? சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமம் இல்லாததால் கேட்கிறேன்.

பேட்டரிக்கு இந்த விலையைப் போட்ட மாதத்தில்தான் அமெரிக்காவில் இதே மாதிரிக் கருவியில் ஆவி இழுத்த இளைஞர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 2020 பிப்ரவரி வரை அங்கே 2,807 பேர் பாதிப்பு, 68 சாவு. நுரையீரல் நீரை எடுத்துப் பார்த்தபோது அகப்பட்டது வைட்டமின் ஈ அசிடேட். கள்ளச்சந்தைக் கஞ்சா ஆயிலைக் கெட்டியாகக் காட்டக் கலந்த சரக்கு. ஆளைச் சாய்த்ததில் பெரும்பங்கு பேட்டரிக்கு இல்லை, எண்ணெய்க்கு. நம் பட்டியலில் எண்ணெய் மலிவு.

பேட்டரியும் சாது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் விற்கிற லித்தியம் செல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் வேண்டும். 2007-ல் நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரி சூடாகிறது என்று புகார் வந்தபோது, 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருவதாகக் கம்பெனியே முன்வந்தது. புகார் சொல்ல ஒரு விலாசம் இருந்தது. தடை செய்த சாமானுக்கு எந்த முத்திரை? யார் விலாசம்? வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிற பயல், அதிகமாக சார்ஜ் ஏறினால் தானே நிற்கிற செல்லைத் தேடிப்பிடித்துத் தருவானா, கிலோ கணக்கில் வந்ததைத் தருவானா? 350 எம்ஏஎச் என்று மேலே ஒட்டியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அது வெடிக்கும்போது தெரியும். இரவில் தலையணை ஓரமாக சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற வயது அது. அந்தப் பையனிடம் இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். சொன்னால் விளம்பரம் ஆகிவிடுமோ? விளம்பரமும் அதே ஓராண்டு, அதே ஒரு லட்சம்.

எங்கள் மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சாவடிகளைத் தூக்கியது. கலால் சாவடி இருக்கிறது. காய்கறியும் கோழியும் மேலே போகின்றன. 2003-லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரி இல்லாததால் கம்பத்து ஆட்கள் மெட்டுக்கு வந்து கேரளச் சீட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். இந்தப் பக்கம் அரசாங்கமே விற்கிற சீட்டு, அந்தப் பக்கம் குற்றம். அந்தப் பக்கம் டாஸ்மாக், இந்தப் பக்கம் கேரள அரசு மதுக்கடையான பெவ்கோ. இவ்வளவுக்கும் பழகிய எங்களுக்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குற்றமான ஒரு சாமானைத் தந்தது தாங்கள்தான். எல்லைப்புற மக்களின் ஒற்றுமைக்குச் செய்த தொண்டாகவே இதைக் கொள்கிறோம்.

பக்கத்துப் பெட்டிக்கடைக்காரருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர் விற்கிற சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தில் அழுகிய வாய்ப் படம். அதை வாங்கிப் பேருந்து நிலையத்தில் பற்றவைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். தடை அறிவித்தபோது சிகரெட் கம்பெனியான ஐடிசியில் அரசின் கையிலிருந்த ஒரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 8 சதவீதப் பங்கு இருந்தது. பங்குதாரர் என்ற முறையில் கடையை நன்றாகவே நடத்துகிறீர்கள்.

2023-ல் தாங்கள் 15 இணையதளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதாகப் படித்தேன். மகிழ்ச்சி. என் விண்ணப்பம் அவ்வளவு பெரியதல்ல. கீழ்க்கண்ட மூன்றுக்கு மட்டும் பதில் போதும். அந்தப் பேட்டரியில் எது உறுப்பு, எது டார்ச்? ஆயிலுக்கு இல்லாத ஒரு லட்சம் பேட்டரிக்கு ஏன்? தம்பியிடம் நான் எதைச் சொன்னால் குற்றமாகாது?

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கடைக்காரன்,
கம்பம்மெட்டு.

இணைப்பு: ஆய்வுக்காக ஒரு டைப்-சி கேபிளை வைத்திருந்தேன். தபாலில் அனுப்பினால் 'கொண்டு செல்லுதல்' என்ற பிரிவில் சேரும் என்று எடுத்துவிட்டேன். படம் எடுத்து வைத்தேன். அது விளம்பரத்தில் சேரும் என்று அதையும் எடுத்துவிட்டேன். ஆகவே, இணைப்பு: இல்லை.