பல்லுக்கு வந்த பவிசு

எங்கள் வீட்டில் எத்துப்பல் பரம்பரைச் சொத்து. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் பத்திரப்பதிவு இல்லாமலே வந்து சேர்ந்தது. 1980-களில் அப்பா என்னை மாதாமாதம் விருதுநகரிலிருந்து மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் கிளிப் போடவைத்தார். பல்லைச் சரிசெய்தால்தான் மாப்பிள்ளை அமையும் என்றாள் அம்மா. வாயில் கம்பியைப் பார்த்தால் வருகிறவனும் ஓடிவிடுவான் என்றாள் அத்தை. இரண்டு பேர் சொல்லையும் தட்டாமல் நான் வாயை மூடிக்கொண்டே வளர்ந்தேன்.

டாக்டர் கம்பியை முறுக்கி அனுப்பும் நாளில் ராத்திரி ரசம் சாதத்தைக் கரைத்துக் குடிப்பேன். முறுக்கு, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் எல்லாவற்றுக்கும் தடை. தீபாவளிக்கு அம்மா முறுக்கு சுட்டு, டின்னின் அடியில் தங்கிய தூளை மட்டும் எனக்குக் கிண்ணத்தில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'ஆன்டெனா'. தூர்தர்ஷனில் ஒளியும் ஒலியும் சரியாகத் தெரியாவிட்டால், மறுநாள் என்னைத்தான் திட்டுவார்கள்.

இப்போது என் மகளின் முறை. சொத்து அவளுக்கும் கைமாறியிருக்கிறது. சென்னையில் ஐ.டி. வேலை. "கிளிப்பைப் போட்டுக்கிட்டு மீட்டிங்ல எப்படிம்மா சிரிக்கிறது?" என்று, என் தலையாட்டலுக்குக்கூடக் காத்திராமல், கூடுதல் காசு கொடுத்து, பல்லில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் வாங்கினாள். ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜியா சிஷ்டி, கெல்சி விர்த் என்ற இருவர் 1997-இல் தொடங்கிய கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு இது. இருவருமே பல் டாக்டர்கள் அல்ல. எனக்கு அச்செடுக்க வாய் நிறையப் பசையை அப்பி, குமட்டக் குமட்ட உட்காரவைத்தார்கள். அவள் வாய்க்குள் ஒரு குட்டி கேமராவை ஓட்டி, பற்கள் கடைசியில் எப்படி வரிசையாக நிற்கும் என்று திரையில் முதலிலேயே காட்டிவிட்டார்கள். யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதென்று வாங்கியதை, அன்றைக்கே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள்.

ஆனால் அலைனர் ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தாக வேண்டும். தண்ணீர் தவிர எது உள்ளே போனாலும் கழற்ற வேண்டும். பல் துலக்கிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு ஃபில்டர் காபி, சாயங்கால பஜ்ஜி என்று பழகிய வயிற்றுக்கு மிச்சமிருக்கும் 2 முதல் 4 மணி நேரம் எந்த மூலைக்கு?

போன முகூர்த்தத்தில் ஓர் உறவுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவள் அலைனரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தாள். பாயசம் முடிந்தது, இலையை மடித்தாள், எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் மகளும் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைகளைக் கிளறிக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை. என் கம்பி எந்தப் பந்தியிலும் தொலைந்ததில்லை, தொலைக்கத்தான் வழியில்லையே.

இதற்கிடையில் ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி மகன் வாயைக் காதுவரை விரித்துக்கொண்டு வந்தான். "அத்தை, பாருங்க, சிஎஸ்கே மஞ்சள்!" கம்பியைப் பிடித்துவைக்கும் ரப்பர் வளையங்களுக்கு அவனே தேர்ந்தெடுத்த நிறமாம். வெளிர் நிறத்தில் போட்டிருந்தாலும் எங்கள் வீட்டுச் சாம்பார் அதே நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கும்.

தாடை எலும்புக்கு இந்தப் பவிசெல்லாம் தெரியாது. பல் அழுத்தும் பக்கம் கரைந்து, இழுபடும் பக்கம் புதிதாக வளர்ந்து வழிவிடுவதுதான் அதன் வேலை. அழுத்துவது உலோகமா பிளாஸ்டிக்கா என்று அது கேட்பதில்லை. கழற்றி டப்பாவில் வைத்த அலைனர் மட்டும் எந்தப் பல்லையும் நகர்த்தாது.

ஆகவே கண்ணாடி முன்னால் நின்று முடிவெடுக்காதீர்கள். பல் ரொம்பவும் திருகியிருந்தால், வெகுதூரம் நகர வேண்டியிருந்தால் பெரும்பாலும் கம்பிதான் தோது. அதைப் பல்சீரமைப்பு டாக்டர் சொல்லட்டும். இரண்டும் சரிவரும் என்று அவர் சொன்னால், குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வராதவர்களுக்கு அலைனர், விட்டுவிட்டு வருகிறவர்களுக்குக் கம்பி. எதைப் போட்டாலும், முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் காலம்வரை, பற்களை அங்கேயே பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் போடாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே நடக்க ஆரம்பித்துவிடும்.