பிரேசில் தலையும் இந்தியத் தலையும்

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
ரெனால்ட் கார் கம்பெனி, பிரான்ஸ்.

பொருள்: இந்தியத் தலையின் மதிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2015 செப்டம்பரில் தாங்கள் க்விட் காரை 2.56 லட்ச ரூபாய் ஷோரூம் விலைக்கு இறக்கியபோது, ஆல்ட்டோவை விட்டால் கதியில்லை என்றிருந்த நடுத்தரக் குடும்பங்கள் தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டன. குட்டிக் காருக்கு எஸ்யூவி முகம், மேல் மாடலில் ஏழு அங்குலத் தொடுதிரை. சக்கரத்துக்கு மூன்றே நட்டு, கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர் என்று தாங்கள் பிடித்த சிக்கனத்தை எங்கள் பாட்டிகளே மெச்சியிருப்பார்கள்.

ஏர்பேக்? அன்று மேல் மாடலில் சில ஆயிரம் கூடுதலாக அழுதால் ஓட்டுபவருக்கு மட்டும் கிடைத்தது. பாட்டு கேட்பது அவசியம். பிழைத்துக் கிடப்பது அவரவர் விருப்பம். பக்கத்தில் உட்கார்ந்த வீட்டம்மாவுக்கு அந்த விருப்பமும் இருக்கவில்லை.

2016 மே மாதம், கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பினர் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை மோதவிட்டுப் பார்த்தார்கள். பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் வைத்த வண்டிக்கும் அதே பூஜ்யம், வண்டியின் கூடே தாங்கவில்லை. தாங்கள் மனம் தளரவில்லை. சில மாதங்களில் கொஞ்சம் சரிக்கட்டி, ஒரு நட்சத்திரத்துடன் பாஸாகி வந்தீர்கள்.

பிரேசில் சமாசாரம்தான் உறுத்துகிறது. 2017-இல் அங்கே விற்பனைக்கு வந்த க்விட்டில், பேஸ் மாடலிலிருந்தே நான்கு ஏர்பேக். கூட்டையும் பலப்படுத்தியிருந்தீர்கள். லத்தீன் என்கேப் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அதே பெயர், அதே முகம். ஆக, செய்யத் தெரியாமல் இல்லை. பிரேசில்காரர் மண்டை பீங்கான், எங்கள் மண்டை கருங்கல் என்று தங்கள் பொறியாளர்கள் ஆராய்ந்து கண்டார்களோ? ஒரகடம் ஆலையில் வண்டி பூட்டும் எங்கள் பிள்ளைகள், கொடுத்திருந்தால் நாலையும் பொருத்தியிருப்பார்களே!

தங்களை மட்டும் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஷோரூமில் கால் வைத்ததும் நாங்கள் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" டெலிவரி அன்று டயருக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்தால் எங்கள் பாதுகாப்புப் பரிசோதனை முடிந்தது. எங்கள் அரசாங்கமும் 2019 ஜூலையில்தான் ஓட்டுநர் ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது. பக்கத்து இருக்கைக்கு அது 2021 கடைசிவரை தள்ளிப்போனது. சட்டம் வந்தது, தாங்களும் வைத்தீர்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

எனவே ஒரே கோரிக்கை. அடுத்த மலிவு விலைக் காருக்கு விளம்பரம் போடும்போது, வெளிநாட்டுக்குக் கொடுத்து எங்களுக்குக் கழித்தவற்றின் பட்டியலையும் கீழேயே அச்சிடுங்கள். மலிவானது வண்டியா, நாங்களா என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பேஸ் மாடல் குடிமகன்.