எட்டாயிரம் ஏக்கர் பயிற்சி

பெங்களூர் அடுகோடியில் ஆட்டோ பிடித்து ஆனேபாளையா, நீலசந்திரா வழியாகப் போனால் சற்று நேரத்தில் ராணுவத்தின் மதில் தொடங்கிவிடும். அகரம் பக்கம் இருப்பது ஆர்மி சர்வீஸ் கோர் பயிற்சி மையம். மதிலுக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் திரும்பினால் அடுத்த ஆள் நகர வேண்டிய சந்துகள். அந்தப் பக்கம் மரம், புல், காற்று. ரியல் எஸ்டேட்காரன் கைக்கு அந்த நிலம் போயிருந்தால் வெட்டிய மரங்களின் பெயரில் அடுக்குமாடிகள் நின்றிருக்கும். காப்பாற்றியதற்காக ராணுவத்துக்கு நன்றி. நன்றி முடிந்தது. இனிக் கணக்கு.

1799இல் திப்புவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்த்திய வெள்ளைக்காரப் படையை அந்த ஊர்க் கொசு வீழ்த்தியது. காய்ச்சலுக்குப் பயந்து குளிர்ந்த இடம் தேடியவர்கள் 1809இல் அல்சூர் பக்கம் கன்டோன்மென்ட் போட்டார்கள். படைக்குப் பின்னால் ஆற்காடு, வேலூர்ப் பக்கத்துத் தமிழர்கள் வந்தார்கள். புல் அறுக்க, தண்ணீர் சுமக்க, துணி வெளுக்க, கல் உடைக்க. விவேக்நகர் அருகே இன்றும் ஒரு வண்ணாரப்பேட்டை இருக்கிறது. துரைமார்களுக்குப் பங்களா கிடைத்தது. வெளுத்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது.

1896இல் இந்தப் பாளையத்துக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். வின்ஸ்டன் சர்ச்சில். போலோ ஆடினார், ரோஜா வளர்த்தார், வண்ணத்துப்பூச்சி பிடித்தார். மிச்ச நேரத்தில் சாம்ராஜ்யத்தையும் காத்தார். கிளம்பிப் போனபோது கிளப்பில் 13 ரூபாய் பாக்கி. வாராக் கடன் என்று எழுதிய அந்தப் பேரேட்டை பெங்களூர் கிளப் இன்றும் பெருமையாகக் காட்டுகிறது. அவருடைய குதிரைக்குப் புல் அறுத்தவனுக்கு என்ன பாக்கி என்று எந்தப் பேரேடும் சொல்வதில்லை.

வெள்ளைக்காரன் போனான். பழக்கம் போகவில்லை. குதிரையிலிருந்து இறங்கி ஆடத் தொடங்கினோம், அவ்வளவுதான்.

2010-11ஆம் ஆண்டு அறிக்கை ஒன்றில் தலைமைக் கணக்குத் தணிக்கையர் ராணுவ நிலங்களைக் கணக்குப் பார்த்தார். நாடு முழுவதும் 97 ராணுவ கோல்ஃப் மைதானங்கள். பரப்பு 8,076 ஏக்கர். கோல்ஃப் என்பது அனுமதிக்கப்பட்ட ராணுவப் பணி அல்ல என்று தணிக்கையர் சொல்ல வேண்டியிருந்தது. இதைச் சொல்லவும் ஒரு தணிக்கையர் தேவைப்படும் நாடு நம்முடையது. படையில் இல்லாதவர்களுக்கும் உறுப்பினர் அட்டை உண்டு, அதற்குக் கட்டணம் உண்டு. நிலத்துக்குச் சொந்தக்காரனான அரசாங்கத்துக்குத்தான் ஒன்றும் இல்லை.

ராணுவம் சும்மா இருக்குமா? பல ஊர்களில் கோல்ஃப் மைதானத்தின் வாசலில் இப்போது தொங்கும் பலகை: 'ராணுவச் சுற்றுச்சூழல் பூங்கா மற்றும் பயிற்சிப் பகுதி'. புல் இருக்கிறது, ஆகவே சுற்றுச்சூழல். பெரியவர் நடக்கிறார், ஆகவே பயிற்சி. எதிரி நாட்டு உளவாளி இந்தப் பலகையைப் பார்த்தால் குலைநடுங்கிப் போவான். இந்திய ராணுவம் பதினெட்டுக் குழிகள் வெட்டி வைத்திருக்கிறது என்று தகவல் அனுப்புவான்.

சர்வீஸ் கோரின் வேலை படைக்குச் சோறு, எரிபொருள், வண்டி கொண்டு சேர்ப்பது. பெரிய வேலை. சியாச்சினில் நிற்பவனுக்கு மண்ணெண்ணெய் போகாவிட்டால் வீரமும் உறைந்துபோகும். ஆனால் சேமிப்புக் காலம் முடிந்த ரேஷன் பொருள்களை ஜவான்கள் தின்றதையும் அதே தணிக்கையர் எழுதி வைத்திருக்கிறார். புல்வெளிக்குத் தண்ணீர் தவறியதாக எந்த அறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அதே கோரின் 'டொர்னேடோஸ்' குழு 2017 நவம்பர் 19 அன்று எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஒரே ராயல் என்ஃபீல்டில் 58 பேரை ஏற்றி 1,200 மீட்டர் ஓட்டியது. கின்னஸ் சாதனை. அடுகோடி சிக்னலில் மூன்று பேர் போனால் அபராதம். ஐம்பத்தெட்டுப் பேர் போனால் பதக்கம்.

சரியாக இரண்டு மாதம் கழித்து, 2018 ஜனவரி 19 அன்று பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்தது. ஆம், ஏரிதான். ஊர்ச் சாக்கடையெல்லாம் அங்கே போய்ச் சேர, அதன்மேல் களையும் குப்பையும் மண்ட, தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் நெருப்பு. அணைக்கச் சுமார் 5,000 ராணுவத்தினர் இறங்கினார்கள். ஏரியை அணைக்க ஜவான்கள் தண்ணீர் சுமந்தார்கள். சாக்கடையைச் சுத்திகரிக்கத் துப்பில்லாத நிர்வாகங்களின் மானத்தை அன்று காப்பாற்றியவன், நாலு ஊர் தாண்டி வந்து பாரக்கில் தகரப் பெட்டியோடு படுத்திருந்த ஏழை வீட்டுப் பையன்.

அவனுக்குக் கிடைக்கும் பயிற்சியில் இன்னொன்றும் உண்டு. பெயர் 'சகாயக்'. பழைய பெயர் ஆர்டர்லி. காகிதத்தில் அவன் போர்க்களத்துத் தோழன். நடைமுறையில் பூட்ஸ் துடைப்பவன், நாயை நடத்திப் போகிறவன், குழந்தையைப் பள்ளியில் விடுகிறவன். சுதந்திர நாட்டில் இருக்கக் கூடாத வெட்கக்கேடு என்று நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு 2008இலேயே சொல்லிவிட்டது. அறிக்கை அலமாரிக்குப் போனது. நாய் நடைக்குப் போனது.

2017இல் கேரளத்தைச் சேர்ந்த ஒரு பீரங்கிப் படை வீரர் உள்ளிட்ட சிலர் இந்த வேலைகளைப் பற்றிப் பேசியது ரகசியக் கேமராவில் பதிவாகி வெளியே வந்தது. அந்த மார்ச்சில் தேவ்லாலி முகாமில், யாரும் புழங்காத ஒரு பாரக்கில் அவர் தூக்கில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். வழக்கு யார்மேல் பாய்ந்தது தெரியுமா? படம்பிடித்த பத்திரிகையாளர்மேல். அலுவல் ரகசியச் சட்டத்தின்கீழ். நாய் எத்தனை மணிக்கு உலாப் போகிறது என்பது தேச ரகசியம் போலும். 2019இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. செத்தவன் செத்தவன்தான்.

2022 ஜூனில் படைக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. பயிற்சி சில மாதம். அதையும் சேர்த்துப் பணி நாலு வருடம். முடிந்ததும் நூற்றில் 25 பேர் படையில், மிச்சம் 75 பேர் தெருவில். அவர்கள் தெருவில் நிற்க மாட்டார்கள், எங்கள் கட்சி அலுவலகக் காவலுக்கு முன்னுரிமை தருவோம் என்று ஒரு பி.ஜே.பி. தலைவர் ஆறுதல் சொன்னார். எல்லையில் நிற்கப் பழக்கி, கேட்டில் நிற்க வைப்பது. ஜவானின் பயிற்சியைச் சுருக்கினார்கள். சகாயக்கின் தேவையைச் சுருக்கவில்லை. எட்டாயிரம் ஏக்கரில் ஒரு குழியைக்கூட மூடியதாகச் செய்தி இல்லை.

நிலம் இல்லை என்பார்கள். ஏழைக்குச் சொல்ல வேண்டியிருக்கும்போது மட்டும் இந்த ஊரில் நிலம் தீர்ந்துபோகும். அடுகோடிக்கு அருகே ஈஜிபுராவில் நலிந்த பிரிவினருக்கு மாநகராட்சி கட்டிக் கொடுத்த குடியிருப்பு, கட்டிய லட்சணத்தில் தானே இடிந்து விழத் தொடங்கியது. 2013 ஜனவரியில் போலீஸும் புல்டோசரும் வந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நடைபாதைக்கு வந்தன. அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். குதிரைக்குப் புல் அறுக்க வந்தவர்களின் பேரன் பேத்திகளும் அதில் இருந்திருப்பார்கள். அந்த இடம் மொத்தமே சுமார் 15 ஏக்கர். அதிலும் பாதியைத் தனியார் வணிக வளாகத்துக்குத் தருவதாக ஏற்பாடு.

இதையெல்லாம் எழுதினால் 'ராணுவத்தையா குறை சொல்கிறாய்?' என்று ஒருவர் கிளம்புவார். இல்லை ஐயா. சிப்பாயின் பெயரைச் சொல்லி நம் வாயை அடைத்துவிட்டு, அதே சிப்பாயின் கையில் நாய்ச் சங்கிலியைக் கொடுக்கிறவர்களைத்தான் சொல்கிறேன். அவன் சாகும்போது மாலை போட வரும் கூட்டம், அவன் சாப்பிட்ட பருப்பின் காலாவதித் தேதியைப் பார்க்க ஒரு நாளும் வந்ததில்லை.

பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருக்கும் நிலம், 2022இல் அவர்களே அளந்து சொன்னபடி, 17.78 லட்சம் ஏக்கர். அதில் எத்தனை ஏக்கரில் ஜவான் ஓடுகிறான், எத்தனை ஏக்கரில் பந்து உருள்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். எழுதிப் போடுங்கள்.