பொடக்காளிக் குளத்துக்கு அப்பிச்சி வைத்தியம்

கீரை தழைச்சப்போ வாட்ஸ்அப்புல ஸ்டேட்டஸ் போட்டே கண்ணு, ஊரே பார்த்துச்சு. மீனு நாலு மல்லாந்ததும் அப்பிச்சிக்குப் போன் வருது. சேரி, போச்சாது. பெருமைக்கு ஊரு, எழவுக்கு அப்பிச்சி. நம்ம குடும்பத்துல இது புதுசில்லே.

நீ அனுப்புன போட்டோவைப் பார்த்தேன். ஆயிரம் லிட்டர் தொட்டி, அதும்மேலே ஜல்லி கொட்டின பாத்தி, நடுவுல மீனுத் தண்ணியைப் பாத்திக்கு ஏத்தற பம்பு, பக்கத்துல நீ. கீரையைவிட உன்ற மொகந்தான் எச்சா வாடிக் கெடக்குது. உன்ற தொட்டிக்கு வந்திருக்கற சீக்குக்குப் பேரு அக்கறை. எந்திரிச்சதும் தீனி, பல்லு வெளக்கிட்டுத் தீனி, ஆபீசு மீட்டிங்கு நடுவுல ஒரு பிடி தீனி. பிஹெச் ஏறுனா வினிகரு, எறங்குனா சோடா உப்பு. இத்தனை பாசத்துக்கு எருமையே தாங்காது, விரல் நீள மீனு என்ன பண்ணும்?

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ மீனும் வளர்க்கலே, கீரையும் வளர்க்கலே. ஜல்லி மேலே வழவழன்னு ஒட்டியிருக்கற நுண்ணுயிரைத்தான் வளர்க்கறே. மீனு செவுள் வழியா அம்மோனியாவை விட்டுட்டே இருக்கும். ஒரு கூட்டம் அதைப் புடிச்சு நைட்ரைட்டா மாத்தும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். மொத ரெண்டும் மீனுக்கு விஷம், மூணாவது கீரைக்குச் சோறு. வினோகிராட்ஸ்கின்னு ஒரு ரஷ்யாக்காரரு 1890 வாக்குலயே இதைக் கண்டுபுடிச்சு எழுதி வெச்சுட்டாரு. அப்பிச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. எட்டாவதுல கோட்டடிச்சவன் புஸ்தகம் படிக்கக் கூடாதுன்னு சட்டமில்லே.

அந்தக் கூட்டம் குடியேறி நெலைக்க, நம்ம ஊரு சூட்டுலயே நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். நீ சனிக்கெழமை பைப்பு ஒட்டுனே, ஞாயித்துக்கெழமை மீனு உட்டே. எலை எடுக்க ஆளு வர்றதுக்கு முந்தியே பந்தி மேலே பந்தி போட்ட கல்யாணம் இது. வெறுந்தொட்டியில துளித்துளியா அம்மோனியா உட்டு, இல்லாட்டி நாலே நாலு மீனை உட்டு, அம்மோனியா ஏறி எறங்கி, நைட்ரைட்டும் ஏறி எறங்கற வரைக்கும் காத்திருந்திருக்கோணும். தெரிஞ்சவங்க ஓடற தொட்டியிலேர்ந்து ரெண்டு பக்கெட் ஜல்லி வாங்கிப் போட்டிருந்தா சீக்கிரமே ஆயிருக்கும். உனக்குத்தான் அமேசான்ல ஆர்டர் போட்டா அடுத்த நாளே வந்தாகோணும். அந்தச் சாமானு அங்கே விக்கறதில்லே கண்ணு.

இப்பத்திக்கு என்ன பண்றதுன்னா, தீனியை நிறுத்து. அட, நிறுத்துடா. மீனு ரெண்டு நாள் பட்டினியில சாகாது, ரெண்டு நாள் விருந்துலதான் சாகும். தண்ணியில மூணுல ஒரு பங்கை மாத்து. கார்ப்பரேஷன் தண்ணின்னா டிரம்முல ஒரு நாள் தொறந்து வெச்சு ஊத்து. அதுல இருக்கற குளோரின் மீனுச் செவுளையும் அரிக்கும், நீ வளர்க்கற நுண்ணுயிரையும் சேர்த்துக் காலி பண்ணும். டெஸ்ட் கிட்டுல நைட்ரைட் ஏறிக் கெடந்து, மீனுச் செவுளு சாக்லேட்டு நெறத்துல இருந்துச்சுன்னா, அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கரைச்சு ஊத்து. உப்புல இருக்கற குளோரைடு, நைட்ரைட்டை உள்ளே போகவுடாம செவுளுல மறிக்கும். அந்த ஒரு நாள்தான் உப்பு. நோம்பிக்கு நோம்பி போடறதில்லே. போட்ட உப்பு ஆவியாப் போகாது, கடைசியில அவரைக்கொடி கருகி நிக்கும்.

மீனு எத்தனை உட்டேன்னு கேட்டதுக்கு எரநூறுன்னு சொன்னே. நீதான் கம்ப்யூட்டருக்கே கணக்குச் சொல்லித் தர்றவனாச்சே, கூட்டிப் பாரு. ஒவ்வொண்ணும் கால் கிலோ வளர்ந்தா அம்பது கிலோ. ஐ.நா.வோட உணவு வேளாண்மை நிறுவனம் 2014ல சின்னத் தொட்டிக்காரங்களுக்குன்னே ஒரு புஸ்தகம் போட்டுச்சு. ஆயிரம் லிட்டருக்கு இருவது கிலோவைத் தாண்டாதேன்னு அதுல இருக்குது. கீரைப் பாத்திக்கு, சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு நாப்பது, அம்பது கிராம் தீனிதான் கணக்கு. உன்ற பாத்தி ரெண்டு சதுர மீட்டர் இருந்தா மிஞ்சிப் போனா நூறு கிராம். அதுவும் பாத்தி நெறையக் கீரை நின்னாத்தான். நீ அள்ளி வீசறது தராசுல நிக்கற மாதிரியா இருக்குது? கால் மணி நேரத்துல திங்காம மெதக்கறதை வலையில அள்ளி வெளியே கொட்டு. அடியில தங்கிப் புளிச்சா அத்தனையும் அம்மோனியாதான்.

அதுலயும் நீ உட்டது ஜிலேபிக் கெண்டை. 1952ல ஆப்பிரிக்கச் சாதின்னு இந்தியாவுக்குள்ளே கொண்டாந்து உட்டாங்க. இன்னைக்கு நம்ம குளத்துல வலை போட்டா அதுதான் மொதல்ல ஏறும். வந்த புதுசுல உட்ட மொசாம்பிக் சாதி, மூணு நாலு மாசத்துலயே முட்டை போட்டு, வாயிலயே அடைகாத்து, குஞ்சு பொரிச்சுரும். நீ எரநூறு உட்டேன்னு நெனைச்சுட்டு இருக்கறே, அதுக நானூறாகலாமான்னு யோசிச்சுட்டு இருக்குதுக. இன்னொருக்கா வாங்கறப்போ ஆழியாறு, பவானிசாகர் பக்கம் அரசாங்க மீன் குஞ்சுப் பண்ணை இருக்குது, போய்க் கேளு. ஆண் குஞ்சு மட்டும் பிரிச்ச ஜிலேபி கெடைக்குமான்னும் கேட்டுப் பாரு. எவனாச்சும் ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும்னு காதுல ஓதுனா வாங்கிராதே. அது தடை பண்ணுன மீனு.

செத்த நாலும் வெடியால செத்துச்சுன்னு சொன்னே பாரு, அங்கேதான் விசயம் இருக்குது. பகல்லே சாகாம வெள்ளெனே மேலே வந்து வாயைப் பொளந்துச்சுன்னா, ராத்திரி மூச்சுக் காத்து பத்தலேன்னு அர்த்தம். தொட்டித் தண்ணி பச்சையாத் தெரியுதல்ல, அது பாசி. பகல்லே ஆக்சிஜன் குடுக்கும், ராத்திரி மீனோட சேர்ந்து அதுவும் உறிஞ்சும். வெயில்ல தண்ணி சுடச்சுட அது புடிச்சு வெக்கற காத்தும் கொறையும். 25 டிகிரியில லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேலே நிக்கும். 35 போனா ஏழுகூட நிக்காது. மீனுக்கும் ஜல்லியில இருக்கற கூட்டத்துக்கும் அஞ்சுக்குக் கொறையக் கூடாது. தொட்டிக்குப் பச்சை வலையில பந்தல் போடு, வெளிச்சம் உள்ளே போகாதபடி மூடு. பாசியும் அடங்கும், மீன்கொத்தியும் ஏமாந்து போவும்.

கரண்டு போனா? உன்ற ஊட்டுல இன்வெர்ட்டர் இருக்குது, எனக்குத் தெரியும். அதுல வைஃபை ஓடும், டிவி ஓடும், உன்ற பொண்டாட்டியோட மீன்தொட்டிக் கலர் லைட்டுகூட ஓடும். நெசமாவே மீனு இருக்கற தொட்டிக்கு மட்டும் வயரு எட்டலே. பெரிய மோட்டாரை அதுல மாட்டச் சொல்லலே கண்ணு. குமிழி உடற சின்னப் பம்பு ஒண்ணு அஞ்சு வாட்டு, பத்து வாட்டுதான் தின்னும். அதை மாட்டு. கூட்டமா மீனு இருக்கற தொட்டியில காத்து நின்னா மணிக்கணக்குல கதை முடிஞ்சுரும். எழவுக்குப் போறதுக்கு எனக்கும் வேட்டி தொவைக்கோணுமல்ல?

அப்புறம் அந்த பிஹெச். உன்ற போர் தண்ணி சப்பைத் தண்ணி, எட்டுக்கு மேலே நிக்கறது அதிசயமில்லே. அதுல ஒரு ஆபத்து இருக்குது. ஏழுலேர்ந்து எட்டுக்குப் போனா, அம்மோனியாவுல விஷமா நிக்கற பங்கு ஏறக்கொறைய பத்து மடங்கு ஆயிரும். அதனால கிட்டுல பிஹெச், அம்மோனியா ரெண்டையும் சேர்த்துப் பாரு, ஒண்ணை மட்டும் பார்த்துட்டு ஆடாதே. வினிகரு ஊத்துனே, எறங்குச்சு, மறுநாளே ஏறிக்கிச்சுன்னு அழுதே. ஏறாம என்ன பண்ணும்? பாத்தியில நீ கொட்டியிருக்கற வெள்ளைக் கல்லை எடுத்து மேலே எலுமிச்சம்பழம் பிழி. பொசபொசன்னு நுரைச்சா அது சுண்ணாம்புக்கல்லு, இல்லாட்டி சலவைக்கல்லு. நீ மேலேயிருந்து புளிப்பு ஊத்தறே, அது அடியிலேர்ந்து சுண்ணாம்பு உடுது. அழகாத் தெரியுதுன்னு வாங்கினதை அள்ளிப் போட்டுட்டு நம்ம கருங்கல் ஜல்லியை முக்கால் இஞ்சுல கழுவிப் போடு. கருப்பா இருக்கும், நுரைக்காது.

இன்னும் சித்த நாள் போனா வேடிக்கை தலைகீழா மாறும். அந்த நுண்ணுயிர் வேலை செய்யச் செய்ய தண்ணியோட சுண்ணாம்புச் சத்தைத் தின்னுட்டே போவும், பிஹெச் தானா எறங்கும். ஆறரை, ஏழு வரைக்கும் எறங்குனா கையைக் கட்டிட்டு இரு. கீரைக்கும் மீனுக்கும் நடுவுல அதுதான் சமரசம். ஆறுக்குக் கீழே போறாப்ல இருந்தா அந்தக் கூட்டம் படுத்துரும். அப்போ அம்மிச்சியோட வெத்தலைப் பொட்டியைத் தேடு. அந்தச் சுண்ணாம்புதான் மருந்து. ஒரு துளியைக் கரைச்சு, நாளுக்குக் கொஞ்சமா ஊத்தி, மறுநாள் பார்த்துட்டு மறுபடி ஊத்து. கை நெறைய அள்ளிப் போட்டீன்னா ஒரே ராத்திரியில ஒம்பதைத் தாண்டும், அப்புறம் வெத்தலை போட ஆளு இருக்கும், மீனு இருக்காது. ஒருக்கா சுண்ணாம்புன்னா மறுக்கா பொட்டாசியம் கார்பனேட். மீன் தீனியில பொட்டாசியம் கம்மி. பழைய எலையோட ஓரம் தீஞ்சாப்ல இருந்தா அதுதான் கேக்குது.

கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புப் பஞ்சம். பழைய ஆணியைத் தொட்டியில போடலாமான்னு நீ கேட்டதை அம்மிச்சிகிட்டச் சொன்னேன், பொறையேறி இருமறா. துரு கீரைக்கு எட்டாது. டிடிபிஏ இரும்புன்னு உரக்கடையில கேளு. அதுதான் பிஹெச் ஏழரை வரைக்கும் நிக்கும், ஈடிடிஏ அதுக்கு முந்தியே கையை விரிச்சுரும். லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் இரும்பு போதும். பொடியில எத்தனை சதவீதம் இரும்புன்னு பாக்கெட்டுலேயே போட்டிருக்கும். கணக்கைப் போட்டுட்டுத் தொற.

அசுவினி வந்திருக்குதுன்னு உன்ற அம்மா வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்கறாளாமே? ஓடிப் போய்த் தடு. கீழே விழற சொட்டு மீனுக்குத்தான் போகும். வெறும் தண்ணியை வேகமாப் பீச்சியடி, மிச்சத்தைக் கையில நசுக்கு. புழுவுன்னா பி.டி. பாக்டீரியா மருந்து இருக்குது. காப்பரு கலந்த எதையும் பொடக்காளிப் பக்கமே கொண்டு போகாதே.

பாத்தி நெறைஞ்சும் தண்ணி வடியலேன்னா, பாத்தித் தண்ணியைத் தொட்டிக்கு வடிக்கற மணிக்குழாய்க்கு (பெல் சைஃபன்) வர்ற தண்ணி பத்தலே. பூட்டுப் புடிக்காம மேலேயே சொட்டிட்டு நிக்குது, வால்வை எச்சாத் தொற. வடிய ஆரம்பிச்சு நிறுத்தவே மாட்டேங்குதுன்னா எச்சாப் போயிருச்சு, சித்தக் கொறை. ரெண்டுக்கும் அடங்கலேன்னா உள்ளே கைய உடு, புதினா வேரு ஒரு மொழத்துக்கு வரும். புதினாவைத் தனிச் சட்டியில வைன்னு நான் சொன்னப்போ ‘ஆரோமா’ன்னு சொன்னே. இல்லே, இந்தக் கொழாயே வேண்டாம்னா டைமரு மாட்டி, கால் மணி ஓடு, முக்கால் மணி நில்லுன்னு உட்டுரு. அழுகின முட்டை நாத்தம் வந்தா அடியில கழிவு அடைஞ்சு காத்துப் போகலேன்னு அர்த்தம். ஒரு மூலையா கெளறிக் கழுவு, ரெண்டு கை மண்புழுவை உட்டு வை.

கணக்குப் பார்த்தா, நீ பறிச்ச அந்த ஒரு கட்டுச் சிறுகீரைக்கு ஆன செலவுல உழவர் சந்தையில ஒரு வருசத்துக்குக் கீரை வாங்கலாம். அதை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லே, உன்ற மாமனாரு கேட்டாத் தவிர.

வர்ற ஞாயித்துக்கெழமை நானும் அம்மிச்சியும் வர்றோம். அவ புளி எடுத்து வெச்சுட்டா. இருக்கறதுல பெருசா நாலு மீனைத் தனி டிரம்முல நல்ல தண்ணியில உட்டு, வெள்ளிக்கெழமையிலேர்ந்து தீனி போடாதே, வயிறு சுத்தமாகி சேத்து நாத்தம் கொறையும். குமிழிப் பம்பை அந்த டிரம்முலயும் மாட்டு. அப்புறம் உன்ற மவ எல்லா மீனுக்கும் பேரு வெச்சிருக்கறாளாமே? பேரு வெக்காததா நாலு பார்த்துப் புடி.